பெரும்பாடும் பக்கவாதமும்

நோய்க்கு இடப்பெறும் பெயர் சில வேளைகளில் நோயாளியை ஏமாற்றிவிடுவதுண்டு. கருப்பையில் தோன்றும் நார்க்கட்டிகளையும், சூலகத்தில் உண்டாகும் நீர்க்கட்டிகளையும், கருப்பையின் உட்படலம் தன் இடம் விட்டுப் புறத்தே படர்ந்து மாதந்தோறும் வேதனை விளைக்கும் நோயையும் மருத்துவ நூலார் 'தீங்கற்றவை' என்று வகுத்திருக்கின்றனர். புற்றுநோய் அன்று என்பதே அச்சொல்லின் பொருள். அவ்வளவில் அது மெய்யே. ஆயின் வைத்தியர் வாயினின்று புறப்பட்ட அச்சொல் நோயுற்ற பெண்ணின் செவியை எட்டும்போது, 'இதனால் கேடில்லை, பொறுத்துக்கொள்' என்று பொருள் மாறிவிடுகின்றது. வீட்டாரின் செவியை எட்டும்போதோ, 'இவளுக்கு நோயே இல்லை' என்றாகிவிடுகின்றது.

மாதவிடாயில் அளவுக்கு மிஞ்சிக் குருதி போவதை நம் முன்னோர் பெரும்பாடு என்றனர். உடலின் ஒரு பக்கம் திடீரெனச் செயலற்றுப் போவதைப் பக்கவாதம் என்றனர். முன்னது அடிவயிற்றைச் சார்ந்தது. பின்னது மூளையைச் சார்ந்தது. முன்னதில் குருதி நில்லாமல் ஓடுகின்றது. பின்னதிலோ, மூளையில் குழாய் வெடித்து வரும் வகை ஒன்று இருப்பினும், பெரும்பான்மையும் உறைந்த குருதி வழியை அடைத்துக்கொள்வதனாலேயே வருகின்றது. குருதி பெருக்கெடுத்தோடும் உடலில் குருதி உறைவதா? இவ்விரண்டையும் ஒரே கயிற்றால் பிணைக்கலாம் என்றால் நகையாதவர் அரியர். ஆயினும் அக்கயிறு உண்டு. அதனை மருத்துவ உலகம் கண்டறிந்த வரலாற்றையும், அக்கண்டறிவு நம் பெண்டிரை எட்டாதபடி தடுத்தவை எவை என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

எருமைத் தொழுவில் எழுந்த வைத்தியசாலை

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பகுதியைப் பழைய தமிழர் சுண்ணாம்புக் கம்பம் என்று வழங்கினர். அதற்கு அணித்தே மாட்டு வாணிகம் தழைத்தது. ஆதலின் எருமைத் தொழுவம் என்று பொருள்படும் 'கண்டாங் கர்பாவ்' என்னும் மலாய்ப் பெயர் அவ்விடத்துக்கு வாய்த்தது. 1860-ம் ஆண்டளவில் அங்கே அரசினர் பொது வைத்தியசாலை இயங்கத் தொடங்கியது. 1873-ல் வாந்திபேதி பரவியபோது நோயாளிகள் சிப்பாய் லைன்சுக்கு மாற்றப்பட்டனர். பின்னர் 1924-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி அவ்விடத்திலேயே 30 படுக்கைகளுடன் இலவசப் பிரசவ வைத்தியசாலை திறக்கப்பெற்றது. மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் ஜே. எஸ். இங்கிலீஷ் அதற்குத் தலைமை தாங்கினார். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அங்கே மகப்பேற்று மருத்துவத்தைத் தாங்கி நின்ற பெஞ்சமின் ஷியர்ஸ், பின்னாளில் சிங்கப்பூரின் இரண்டாம் குடியரசுத் தலைவரானார்.

1966-ம் ஆண்டு ஒன்றில் மட்டும் அவ்வைத்தியசாலையில் 39,835 குழந்தைகள் பிறந்தனர். உலகில் வேறெந்த மகப்பேற்று மனையும் அவ்வெண்ணை அன்று எட்டியதில்லை. 1997-ல் வைத்தியசாலை அருகேயே எழுந்த புதிய மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. ஹாம்ப்ஷயர் சாலையில் நிற்கும் பழைய இடம் இன்று தரைப் போக்குவரத்து ஆணையத்தின் அலுவலகமாயிற்று. தேக்காவில் காய்கறி வாங்க வரும் மூதாட்டியரைக் கேட்டால், தம் மக்கள் அனைவரும் 'கே.கே.'யில் பிறந்தவர்கள் என்று பெருமையுடன் உரைப்பர்.

இப்பெருமையினூடே ஒரு குறையும் மறைந்திருக்கின்றது. பிள்ளை பெறப் பெண் வைத்தியசாலைக்குச் சென்றாள். வீட்டார் அழைத்துச் சென்றனர். பிள்ளைப்பேறு குடும்பத்தின் காரியம். பெரும்பாடோ அவள் ஒருத்தியின் காரியம். அதனை அவள் தன் தாய்க்கும் சொல்லாள். கணவனுக்குச் சொல்லுதல் எங்ஙனம்? மாதவிடாயைத் தீட்டென்று ஒதுக்கிய சமூகத்தில் அதன் மிகுதியை எடுத்துரைக்க எப்பெண்ணுக்கு நா எழும்?

ஆண் வைத்தியரிடம் செல்ல மறுத்து மடிந்த பெண்கள் பலர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-ல் சேர்ந்து பயின்ற மேரி ஷார்லீப் அம்மையார் இந்நிலை கண்டு வருந்தினார். அவர் முயற்சியினால் 1885-ல் சென்னையில் கோஷாப் பெண்டிர்க்கென ஒரு தனி வைத்தியசாலை தோன்றியது. திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி பெயரால் இன்று விளங்குவது அதுவே. சிங்கப்பூரிலும் 1913-ல் சார்லட் பெர்குசன் டேவி என்னும் பெண் மருத்துவர் பென்கூலன் தெருவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருந்தகம் திறந்தார். கதவு திறந்தது. ஆனால் நாவு திறந்ததா என்பதே வினா.

மலாயாத் தோட்டங்களின் நிலை இதனினும் கடியது. கொக்கிப்புழுவும் மலேரியாவும் குடிகொண்ட லயங்களில் சோகை பிடித்து வெளுத்த முகம் இயல்பான முகமாகிவிட்டது. ராக்பெல்லர் அறநிலையம் அனுப்பிய கொக்கிப்புழு ஆராய்ச்சிக் குழு ஒன்று 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பீஜி ஆகிய நாடுகளில் இதனை ஆராய்ந்தது. எல்லாரும் வெளுத்திருக்கும் இடத்தில் ஒருத்தியின் வெளுப்பை யார் கருதுவர்? விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போனவள், வாளி சுமந்து தள்ளாடியபோது, 'சோம்பல்' என்றனர் சிலர். 'புழு' என்றனர் சிலர். அவள் சேலைக்குள் மறைத்து வைத்த பழந்துணிகளின் கணக்கை எவரும் கேட்டிலர்.

விர்ஷோ கண்ட மூன்று காரணங்கள்

குருதி உறைவைப் பற்றி நாம் இன்று அறிந்தவற்றுக்கு அடிகோலியவர் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ப் விர்ஷோ. 1848-ல் மேல் சைலீசியாவில் டைபஸ் காய்ச்சல் பரவியபோது, ஆராய்ந்து வருமாறு அரசு அவரை அனுப்பியது. அவர் மருந்துப் பட்டியலோடு திரும்பவில்லை. வறுமையும் கல்வியின்மையும் உரிமையின்மையுமே அக்கொள்ளைநோயின் வேர் என்று அறிக்கை எழுதினார். அதே விர்ஷோதான், நுரையீரலை அடைத்துக் கொல்லும் குருதிக்கட்டி நுரையீரலில் பிறப்பதன்று, கால் முதலிய இடங்களின் சிரைகளில் உறைந்து, கழன்று, இதயத்தின் வழியே மிதந்து வந்து சேர்வது என்று நிறுவினார். 1856-ல் அவருடைய ஆராய்ச்சிகள் தொகுப்பாக வெளிவந்தன.

அதற்கு முன் நிலவிய எண்ணம் யாதெனின், பிள்ளை பெற்றவளின் கால் வெளுத்து வீங்குவது தாய்ப்பால் கீழிறங்கித் தேங்குவதனால் என்பதாம். 'பாற்கால்' என்றே அதற்குப் பெயரும் இட்டிருந்தனர் ஆங்கிலேயர். மூடநம்பிக்கை ஒரு நாட்டாருக்கே உரிய சொத்தன்று என்பதற்கு இது சான்று.

குருதி உறைவதற்குரிய காரணங்களைப் பிற்காலத்தார் விர்ஷோவின் பெயரால் மூன்றாக வகுத்தனர். குருதியோட்டம் மந்தமாதல் ஒன்று. குழாயின் உட்சுவர் ஊறுபடுதல் ஒன்று. குருதியே உறையுந் தன்மை மிகுதல் ஒன்று. இம்மூன்றையும் நம் பெரும்பாட்டுக்காரியின் உடலில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, நார்க்கட்டி வளர்ந்து தேங்காய் அளவும், சிலருக்கு நிறைமாதக் கருப்பையின் அளவும் பெருத்துவிடுகின்றது. இடுப்பெலும்புக் கூட்டினுள் இடம் குறுகியது. அதனூடே செல்லும் பெருஞ்சிரைகளின் வழியாகத்தான் கால்களின் குருதி மேலேற வேண்டும். கட்டி அவற்றை நெருக்கினால், அணையிட்ட வாய்க்காலைப் போல் குருதி கால்களில் தேங்குகின்றது. தேங்கிய இடத்தில் உறைகின்றது. உறைந்தது கழன்றால் நுரையீரல் அடைபடுகின்றது. பிறவியிலேயே இதயத்தின் மேலறைகளுக்கிடையே சிறு துளை மூடாதிருப்போருக்கு அது இடப்பக்கம் கடந்து மூளைக்குச் செல்லவும் கூடும். அத்தகைய துளை ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு உண்டு. பெரும்பாலோர் அதனை அறியாமலே வாழ்ந்து மறைகின்றனர்.

இரண்டாவது, குருதி இழப்பு. இங்கேதான் நாம் முன்னர்க் கேட்ட புதிருக்கு விடை இருக்கின்றது. குருதியோடு இரும்புச் சத்தும் போய்விடுகின்றது. இரும்புச் சத்துக் குன்றும்போது, உடைப்பை அடைக்கும் தொழிலுடைய தட்டணுக்களை எலும்பு மச்சை வழக்கத்தினும் மிகுதியாக ஆக்கத் தலைப்படுவதுண்டு. குருதி குறைந்தது, ஆனால் எஞ்சிய குருதியில் உறையவைக்கும் பொருள் மிகுந்தது. ஓடுகிற குருதியே உறைகிற குருதிக்கு வழிகோலுகின்றது! சோகைக்கும் மூளைச் சிரைகளில் உண்டாகும் உறைவுக்கும் தொடர்புண்டு என்பதை 2015-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியும் காட்டியது.

மூன்றாவது, அழற்சி. உட்படலம் புறத்தே படரும் நோயும், அது கருப்பைச் சுவரினுள்ளேயே ஊடுருவும் நோயும் உடலில் ஓயாத அழற்சியை மூட்டுகின்றன. அழற்சி குழாய்ச் சுவரைக் கெடுக்கின்றது. குருதியின் உறையுந் தன்மையையும் கூட்டுகின்றது. இத்தகைய பெண்களுக்கு மாதவிடாய்க் காலத்தில் மூளைக் குழாய் அடைபட்ட நிகழ்ச்சிகளை ஜப்பானிய மருத்துவர் பலர் எழுதி வைத்திருக்கின்றனர்.

மருந்தும் கத்தியும்

நோய் செய்யும் கேடு ஒருபுறமிருக்க, அதனைத் தீர்க்க வந்த மருந்தும் ஒரு காலத்தில் கேடு செய்தது. கருத்தடை மாத்திரை என்று உலகறிந்த எனோவிட், அமெரிக்காவில் முதன்முதல் 1957-ல் அனுமதி பெற்றது கருத்தடைக்காக அன்று, மாதவிடாய்க் கோளாறுகளுக்காக. கருத்தடைக்கான அனுமதி 1960-ல்தான் வந்தது. அதற்கு முன் 1956-ல் பியூர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்களிடம் அது பெருமளவில் சோதிக்கப்பட்டது.

1961-ம் ஆண்டு இங்கிலாந்தின் சபோக் மாவட்டத்தில் ஊர் வைத்தியர் ஒருவர் லான்செட் சஞ்சிகைக்கு ஒரு குறிப்பு விடுத்தார். செவிலி ஒருத்திக்கு நுரையீரலில் குருதிக்கட்டி அடைத்தது என்றும், அவள் அம்மாத்திரையை உட்கொண்டுவந்தாள் என்றும் அதில் எழுதினார். அவள் அதனை உட்கொண்டது கருத்தடைக்காகவன்று. உட்படலம் புறத்தே படரும் நோய்க்காக! மாத்திரையினால் வரும் உறைவைப் பற்றிய முதற்குறிப்பே, 'தீங்கற்ற' பெண்நோய்க்கு மருந்துண்ட ஒருத்தியைப் பற்றியது என்பதை நம்மவர் கருத்தில் இருத்த வேண்டும்.

அன்றைய மாத்திரையில் ஈஸ்ட்ரஜன் வகைச் சத்து 150 மைக்ரோகிராம் அளவுக்கு இருந்தது. பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் உண்மையை எண்ணிக்கையால் நிறுவியபின், 1969-ல் 50 மைக்ரோகிராமுக்கு மேற்பட்டதைத் தவிர்க்குமாறு அந்நாட்டு மருத்துவர்க்கு அறிவுறுத்தப்பட்டது. 1970-ல் அமெரிக்க செனட்டர் கேலார்ட் நெல்சன் நடத்திய விசாரணையில், மாத்திரை உண்ணும் பெண்களில் ஒருவரையும் சாட்சியாக அழைக்கவில்லை. பார்வையாளர் வரிசையிலிருந்த பெண்கள் எழுந்து கேள்வி எழுப்பினர். அதன் பயனாக, ஆபத்துக்களை விளக்கும் தாள் மாத்திரைப் பெட்டிக்குள் இடம் பெற்றது. கேட்டவர்க்கே கிடைத்தது என்பது இவ்வரலாற்றின் பாடம். இன்றைய மாத்திரைகள் பலவற்றில் அச்சத்து 20 முதல் 35 மைக்ரோகிராமே உள்ளது. ஆபத்து மிகக் குறைந்துவிட்டது, அற்றுப்போகவில்லை.

கத்தியின் கதையும் இத்தகையதே. கட்டியை அறுத்தெடுத்தபின் பெண்ணை நாட்கணக்கில் அசையாது கிடத்துவது முற்கால வழக்கம். நலம் கருதிச் செய்த அவ்வோய்வே கால்களில் குருதியைத் தேக்கியது. இன்று அறுவை முடிந்தவுடன் எழுப்பி நடக்க வைக்கின்றனர். தேவையுள்ளவர்க்கு உறைவைத் தடுக்கும் ஹெபரின் ஊசியும் இடுகின்றனர். இம்மருந்தை 1916-ல் முதன்முதல் கண்டவர் ஜே மக்லீன் என்னும் மருத்துவ மாணவர்.

'ஆசியர்க்கு வாராது' என்ற மயக்கம்

இவ்வளவும் மேனாட்டில் தெளிவாகிக்கொண்டிருந்த காலத்தில், நம் பக்கத்தில் ஒரு மயக்கம் நிலவியது. குருதிக்கட்டி வெள்ளையர்க்கு வருவது. ஆசியர்க்கு வாராது என்பதே அது. 1968-ம் ஆண்டில் சிங்கப்பூர் மருத்துவச் சஞ்சிகையிலேயே ஆசியரிடம் நுரையீரற் குருதிக்கட்டி அரிது என்னும் கருத்துடைய கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் பொய் எழுதவில்லை, கண்டதை எழுதினார். ஆனால் தேடாதவனுக்குக் கிடைப்பது எது?

2005-ல் ஆசிய நாடுகளின் 19 மருத்துவமனைகளில் நடந்த ஆராய்ச்சி வெளியாயிற்று. இடுப்பு, முழங்கால் மூட்டுக்களில் பேரறுவை செய்துகொண்டு, தடுப்பு மருந்து பெறாதிருந்தவர்களின் கால் சிரைகளைப் படம் பிடித்துப் பார்த்தபோது, 41 விழுக்காட்டினரிடம் உறைவு காணப்பட்டது. அவற்றுட் பல வெளிக்குத் தெரியாதவை. வெளிப்படையான நோயாக மூளும் அளவில் ஆசியரிடம் அது மேனாட்டாரினும் குறைவே என்பது இன்றும் உண்மை. எனினும் 'குறைவு' என்பது வேறு. 'இல்லை' என்பது வேறு. 'தீங்கற்றது' என்ற சொல் ஒரு திரை. 'ஆசியர்க்கு வாராது' என்பது மற்றொரு திரை. இரு திரைகளுக்கும் பின்னே நின்றவள் நம் பெண்.

அச்சமும் அளவும்

ஈண்டு ஒரு சொல் கட்டாயம் சொல்ல வேண்டும். அறிவு ஊட்டுவதே நம் நோக்கம், அச்சம் ஊட்டுவதன்று. நார்க்கட்டியுடைய பெண்கள் மிகப் பலர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு உறைவோ பக்கவாதமோ ஒருநாளும் வருவதில்லை.

2022-ல் அமெரிக்கச் செவிலியரைப் பற்றிய நெடிய ஆராய்ச்சி ஒன்று வெளியாயிற்று. 1,12,056 பெண்களை 28 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அத்தனை பேரில், அத்தனை ஆண்டுகளில், பக்கவாதம் கண்டவர் 893 பேரே. ஆயினும் உட்படலம் புறத்தே படரும் நோய் உள்நோக்கிக் குழாயால் உறுதி செய்யப்பட்டவர்களுக்கு, அந்நோய் இல்லாதவரினும் பக்கவாத ஆபத்து 34 விழுக்காடு மிகுந்திருந்தது. அம்மிகுதியில் ஒரு கணிசமான பகுதி, கருப்பையையோ சூலகங்களையோ எடுத்துவிட்டதோடு தொடர்புடையது என்றும் கணக்கிட்டனர். ஆகவே கருப்பையை எடுத்துவிட்டால் எல்லாத் தொல்லையும் தீர்ந்தது என்று எண்ணுவோரும் ஒருமுறை நின்று, நன்மை தீமைகளை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். சிறிய ஆபத்து, மறைக்கப்படும்போதுதான் பெரிய ஆபத்தாகின்றது.

நாணத்தின் விலை

ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். நாற்பது வயது. மாதத்தில் எட்டு நாள் குருதி போகின்றது. படியேறினால் மூச்சு வாங்குகின்றது. 'வயதானால் அப்படித்தான்' என்று அண்டை வீட்டார் தேற்றுகின்றனர். ஒருநாள் ஒரு கால் மட்டும் வீங்குகின்றது. தைலம் தேய்த்துக்கொள்ளுகின்றாள். மற்றொருநாள் அடுப்பங்கரையில் கைப்பாத்திரம் நழுவுகின்றது, வாய் கோணுகின்றது. வைத்தியசாலையில், எத்தனை மாதமாய்ப் பெரும்பாடு என்று மருத்துவர் கேட்க, கணவர் திகைத்து நிற்கின்றார். ஒரே வீட்டில் இருபது ஆண்டு வாழ்ந்தும் அவருக்கு அது தெரியாது! இதனை விதி என்பதா? நாணத்துக்கு நாம் கொடுத்த விலை என்பதே பொருந்தும்.

விலை கொடாமல் தப்பும் வழி எளியது. பெரும்பாடு இருப்பின் குருதிச் சோதனை செய்து, இரும்புச் சத்தின் அளவை அறிதல் வேண்டும். குறையிருந்தால் அதனை நிரப்பும் மாத்திரைகள் விலை மலிந்தவை. மாதவிடாய்க்கு மருந்து பெறும்போது, தமக்கோ உடன்பிறந்தார்க்கோ முன்னர்க் குருதி உறைந்ததுண்டா, கடுந்தலைவலி உண்டா, புகைபிடிக்கும் வழக்கம் உண்டா என்பவற்றை மறையாது உரைத்தல் வேண்டும். உண்டுவரும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் தகாது. வைத்தியரைக் கேட்டே செய்க. ஒரு கால் மட்டும் வீங்கி நோதல், திடீர் மூச்சுத் திணறல், மார்வலி, முன்னறியாத கடுந்தலைவலி, முகம் கோணல், கை சோர்தல், பேச்சுக் குழறல் ஆகிய இவை கண்டால் நாழிகை கடத்தலாகாது. சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்னும் எண்ணுக்கு அக்கணமே அழைத்தல் வேண்டும்.

எருமைத் தொழுவமாயிருந்த நிலத்தில் ஒரு வைத்தியசாலை எழுந்து, நூறாயிரக்கணக்கான தாய்மாரை வாழ்வித்தது. பாலினால் கால் வீங்குகின்றது என்ற மடமை ஒழிந்தது. ஆசியர்க்கு வாராது என்ற மயக்கமும் தெளிந்து வருகின்றது. ஒழியாது நிற்பது நம் வீட்டுக்குள் இருக்கும் மௌனம் ஒன்றே. அதனை உடைக்க விர்ஷோ வரமாட்டார். மருத்துவப் பேராசிரியரும் வரமாட்டார். மகள் தாயைக் கேட்க வேண்டும்; கணவன் மனைவியைக் கேட்க வேண்டும். 'தீங்கற்றது' என்று ஒருவர் சொன்னால், 'எதற்குத் தீங்கற்றது?' என்று திருப்பிக் கேட்கும் துணிவு பெண்ணுக்கு வர வேண்டும்.